மூன்று பூதலிங்கங்களும் ஒரு தொண்டையும்

ஜனவரி 19, வெள்ளி

இன்று திருவனந்தபுரத்தில் ஒரு சரித்திர நிகழ்ச்சி நடப்பதாக இருந்தது. நடக்கவில்லை. சரித்திரத்துக்கு அடிக்கடி இப்படி ஆகும்.

என் பெரியப்பா மகன் பூதலிங்கம், பாடகன், தொண்டையில் ஒரு கட்டியை வளர்த்து வைத்திருந்தான். கடுகு அளவுதான் என்று டாக்டர் சொன்னார். ஊரில் கேட்பவர்களிடம் நான் தேங்காய் அளவு என்றுதான் சொல்லி வருகிறேன். நம் வீட்டு மனிதனின் தொண்டையில் போய்க் கடுகு வளர்ந்தது என்று எப்படிச் சொல்வது? பொங்கலுக்கு முன்பே அதைக் கீறி எடுத்தாகிவிட்டது. அன்றிலிருந்து டாக்டர் உத்தரவுப்படி வாயைப் பூட்டி வைத்திருந்தான். இன்று பூட்டைத் திறக்கும் நாள்.

டாக்டரம்மா மூக்கு வழியாகக் கேமராவை விட்டுப் பார்த்தார். "ரொம்ப நல்லா ஆறியிருக்கு. இனிமே மெதுவாப் பேசலாம். எங்கே, உங்க பேரைச் சொல்லுங்க பாப்போம்."

அவன் என்னைப் பார்த்தான்.

"பூதலிங்கம்," என்றேன் நான்.

"உங்களைக் கேக்கலை. பேஷன்டைக் கேட்டேன்."

"என் பேரும் அதுதான் டாக்டர்."

டாக்டரம்மா சிரித்தார். அவன் மனைவி நீலாவதி மதினி சிரித்தாள். அவன் மகள் மஞ்சரி சிரித்தாள். அவனும் சிரித்தான், சத்தமில்லாமல். பிறகு மடியிலிருந்த சிலேட்டை எடுத்து 'நாளைக்கு' என்று எழுதிக் காட்டினான்.

நாகர்கோவில் வந்து சேரும்வரை காரில் நான் ஒருவனே பேசினேன். டிரைவர் களியக்காவிளையிலேயே இறங்கி ஓடிவிடலாமா என்று யோசித்ததாகத் தெரிகிறது.

ஜனவரி 20, சனி

இந்த நாட்குறிப்பு எப்படியும் ஒருநாள் அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கப்போகிறது. அப்போது பார்க்க வரும் லட்சக்கணக்கானவர்கள் குழம்பக்கூடாது. ஆகவே ஒரு விளக்கம்.

எங்கள் பாட்டா பெயர் பூதலிங்கம். அவருக்கு மூன்று ஆண்மக்கள். மூத்த பேரனுக்குப் பாட்டா பெயரை வைக்க வேண்டும் என்பது குடும்ப வழக்கம். மூன்று மகன்களும் தங்கள் மூத்த பையன்தான் அந்த மூத்த பேரன் என்று பிடிவாதமாக நின்றார்கள். அப்படி ஒரே வருஷத்தில் மூன்று பூதலிங்கங்கள் பிறந்தோம். மாமனார் பெயரை மருமகள்கள் வாயால் சொல்லக்கூடாது என்பது அடுத்த வழக்கம். ஆக, பெற்ற தாய்மார் மூவரும் சொந்தப் பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "ஏய்" என்ற ஒரே சொல்லில் மூன்று பேரை வளர்த்தார்கள்.

ஊர்தான் பிரித்துக் கூப்பிட்டது. மூத்தவன் பாட்டு பூதலிங்கம். இன்னிசைக் குழு வைத்திருக்கிறான். அவன் பாடிய 'வேப்பந்தளிரே தாயே' ஒலிக்காத கோயில் கொடை விழாவுக்கு அம்மனே வருவதில்லை.

நடுவிலானவன் நான், படம் பூதலிங்கம். கேசட் அட்டை, காலண்டர், வாரப் பத்திரிகைக் கதைக்குப் படம், கோயில் சுவர் எல்லாம் நம் கைதான். மாடலுக்கு ஆள் கிடைக்காத காலத்தில் கண்ணாடியைப் பார்த்து வரைந்ததால், கன்னியாகுமரி மாவட்டத்தில் பாதிச் சாமிகளுக்கு என் மூக்கு. கல்யாணம் என்னும் விபத்திலிருந்து தப்பியவன். பாட்டு வீட்டுக்குப் பக்கத்து வீடு, சாப்பாடு பாட்டு வீட்டில்.

இளையவன் நடிப்பு பூதலிங்கம். சென்னையில் டிவி தொடர்களில் அப்பா வேஷம். எந்தத் தொடரிலும் முதல் வாரமே இறந்துவிடுவான். மிச்ச ஐந்து வருஷமும் மாலை போட்ட படமாகச் சுவரில் தொங்குவான். தமிழ்நாட்டில் அவன் முகம் தெரியாத வீடு இல்லை. எல்லா வீட்டிலும் அவனைப் பார்த்ததும் ஒரு நொடி வருத்தப்படுவார்கள்.

பாட்டு இன்றும் பேசவில்லை. சிலேட்டில் மறுபடியும் 'நாளைக்கு'.

ஜனவரி 23, செவ்வாய்

பேசவில்லை. உள்ளித்தீயல் குழம்பு நன்றாக இருந்தது.

ஜனவரி 27, சனி

இன்று எனக்குப் பதவி உயர்வு. பாட்டுவின் செல்போன் என் சட்டைப்பையில். குரல் போனது வெளியே தெரியக்கூடாது, தெரிந்தால் அடுத்த சீசனுக்கு ஒருத்தனும் கூப்பிடமாட்டான் என்பது அவன் உத்தரவு. மஞ்சரி குழுவில் கீபோர்டு வாசிக்கிறாள், அவளே பேசலாம். ஆனால் கோயில் கமிட்டிக்காரர்களுக்குப் பூதலிங்கம்தான் பேச வேண்டும். கையில் ஒரு பூதலிங்கம் சும்மா இருக்கும்போது கவலை எதற்கு?

காலையிலேயே தோப்படிவிளை கோயில் கமிட்டிச் செயலாளர் தங்கராசன் பேசினார்.

"பூதலிங்கம் அண்ணாச்சியா?"

"ஆமா."

இதில் ஒரு பொய்யும் இல்லை என்பதை அருங்காட்சியகத்துக்கு வருபவர்கள் கவனிக்க வேண்டும்.

"குரலு ஒரு மாரி இருக்கே அண்ணாச்சி."

"பனி."

"மார்ச் ரெண்டாந்தேதி சனிக்கெழம நம்ம கோயில்ல கொடை. நீங்க வரணும். போன வருசம் வேற குழுவ விளிச்சோம், அம்மனுக்குப் பிடிக்கல்ல. மழ கொட்டிட்டு."

நான் மறுப்பதற்காகத்தான் வாயைத் திறந்தேன். வாய் என்னைக் கேட்காமல், "பூதலிங்கம் வருவான், ஒமக்கென்ன?" என்று சொல்லிவிட்டது. பேனரையும் நாமே அடித்துக் கொடுத்துவிடுவதாக அது மேற்கொண்டு சொன்னதாகவும் ஒரு ஞாபகம்.

ஜனவரி 30, செவ்வாய்

வடசேரிச் சந்தையில் மட்டி வாழைப்பழம் வாங்கினேன். மோட்டார் ரிப்பேர். மார்ச் இரண்டு பற்றி யாரிடமும் சொல்லவில்லை. மறதி.

பிப்ரவரி 1, வியாழன்

பூகம்பம்.

செயலாளர் தங்கராசன், கீபோர்டு பெண்ணுக்கும் சாப்பாடு உண்டா என்று கேட்க மஞ்சரிக்கே போன் போட்டுவிட்டார். எத்தனை நல்ல மனிதர்களால் உலகத்தில் எத்தனை கெடுதல்.

பாட்டு என் வீட்டுக்கு வந்து வரைகிற மேசைமேல் சிலேட்டை வைத்தான். வைத்தான் என்பது மரியாதைக்கு. ஒரு மூலை உடைந்துவிட்டது. 'நான் செத்துட்டேன்னு சொல்லு' என்று எழுதியிருந்தான்.

"அத நடிகன்லா செய்யணும்," என்றேன். "அவனுக்குத்தான் அந்த வேசம் நல்லா வரும்."

சிரிக்கவில்லை. வழக்கமாக இந்த ரக நகைச்சுவைக்குக் குறைந்தது முதுகில் ஒரு அடியாவது கிடைக்கும்.

"அண்ணாச்சி, டாக்டரு நல்லா ஆறிட்டுண்ணுதானே சொன்னா? பேசிப் பாரேன். ஒரே ஒரு வாக்கு. என்னத் திட்டேன். எவ்வளவு நாளா ஆசப்பட்டிருப்ப?"

அவனை அண்ணாச்சி என்று நான் கூப்பிடுவதே இல்லை. அதையும் அவன் கவனித்துவிட்டான். சிலேட்டை அழித்தான். முழங்கையால் நன்றாகத் துடைத்தான். பிறகு எழுதினான்.

'போயிருந்தா?'

நான் உடனே புளி வாங்கக் கடைக்குப் போய்விட்டேன். புளி தீர்ந்திருந்தது என்று நினைவு.

திரும்பி வரும்போது மஞ்சரி வாசலில் நின்றாள். திட்டப்போகிறாள் என்று முகத்தைத் தயார் செய்துகொண்டேன்.

"சித்தப்பா, நேத்து காலேல நான் துணி காயப்போட மாடிக்குப் போனேன். அப்பா சுருதிப்பெட்டிய ஆன் பண்ணி வச்சுட்டு நின்னாங்க. வாயத் தொறந்திருக்காங்க. கைகூட மேல போகு, பாடுகப்ப போகுமே, அதே மாரி. சத்தம் மட்டும் இல்ல."

"வரல்லியா?"

"வரல்லியா, விடல்லியாண்ணு தெரியல. நான் அப்பிடியே எறங்கி வந்துட்டேன். துணி இன்னும் வாளியிலதான் கெடக்கு."

பாடிப் பார்க்காதவரை அவன் பாடகன். அதுதான் கணக்கு. அடப்பாவி.

பிப்ரவரி 6, செவ்வாய்

பேச்சுப் பயிற்சி சொல்லித்தரும் பெண் வீடியோவில் வந்தாள். ஒரு டம்ளரில் தண்ணீர். அதற்குள் ஸ்ட்ராவை விட்டு 'ஊ' என்று ஊத வேண்டும். தண்ணீர் கொப்புளிக்க வேண்டும், கூடவே சத்தமும் வர வேண்டும். தொண்டைக்குச் சுமையில்லாத ஆரம்பமாம்.

பாட்டு ஊதினான். தண்ணீர் அருமையாகக் கொப்புளித்தது. வெறும் காற்று.

அவனுக்குத் தைரியம் வரட்டும் என்று நானும் ஒரு ஸ்ட்ராவை எடுத்து ஊதினேன். குற்றால அருவி திசை மாறி என் சட்டையில் விழுந்தது. அந்தப் பெண், "ரெண்டு பேர்ல யாரு பூதலிங்கம்?" என்று கேட்டாள். எத்தனை தடவைதான் விளக்குவது?

மத்தியானம் அடுப்படியில் மதினி தேங்காய் வறுத்துக்கொண்டே சொன்னாள். "இந்த மனுசன் கொஞ்ச நேரம் வாய மூடமாட்டாராண்ணு முந்தி அம்மங்கிட்ட நேந்திருக்கேன் கொழுந்தனாரே. காலேல எழும்பினா பாட்டு, குளிச்சா பாட்டு, கறிக்கு உப்பு கொறஞ்சா அதுக்கும் ஒரு ராகம். அவ கேட்டுட்டா. இப்பம் அதத் திருப்பி வாங்கதுக்கு என்ன செய்யணும்?"

"அம்மனுக்கு என்ன நேந்திய?"

"ஒரு பட்டுச்சேலை."

"குடுத்தியளா?"

"இல்ல."

"அப்பம் கணக்கு செல்லாது, விடுங்க. சேலை வராம எந்த அம்மனும் வேலைய ஆரம்பிக்கமாட்டா."

சிரித்துவிட்டுத்தான் மூக்கைச் சிந்தினாள். வறுத்த தேங்காய் நெடி என்றாள்.

பிப்ரவரி 9, வெள்ளி

பேராயுதத்தை எடுத்தேன். பாட்டுவின் வீட்டுக் கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, 'வேப்பந்தளிரே தாயே' பாட்டை நானே பாடினேன். முழுப்பாட்டும். எல்லாச் சரணங்களும்.

என் திட்டம் மிக நுட்பமானது. அபசுரம் கேட்டால் அவனுக்கு உடம்பு கூசும். சின்ன வயதில் ஒரு பால்காரனிடம், சுருதி சேராத சைக்கிள் மணியை மாற்றச் சொல்லிச் சண்டை போட்டவன். தன் பாட்டையே ஒருத்தன் கண்முன்னால் கொலை செய்தால் எத்தனை நேரம் சும்மா இருப்பான்? பொறுக்க முடியாமல் ஒரு வார்த்தை வெடித்து வரும்.

முதல் சரணத்தில் எதிர்வீட்டு நாய் வேறு தாலுகாவுக்குக் குடிபெயர்ந்தது. இரண்டாவதில் தென்னையில் இருந்த காக்கை, விலாசம் சொல்லாமல் போய்விட்டது. மூன்றாவதில் மஞ்சரி காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். அவன் மட்டும் கண்ணை மூடிக் கடைசிவரை கேட்டான். பிறகு சிலேட்டில் எழுதினான்.

'மூணாவது சரணத்துல தாளம் சரியா இருந்து.'

வாழ்நாளில் என்னை அவன் பாராட்டியது இதுதான் முதல் தடவை. இதைவிட மோசமான தோல்வியை நெப்போலியன்கூடப் பார்த்திருக்கமாட்டான்.

பிப்ரவரி 13, செவ்வாய்

சென்னையிலிருந்து நடிகன் பேசினான். புதுத்தொடரில் பத்து நாள் உயிரோடிருக்கிறானாம். "பத்து நாளுடே. ரெண்டு சீன்ல வசனமே உண்டு," என்றான். குரலில் அப்படி ஒரு பெருமை. மனதாரச் சந்தோஷப்பட்டேன்.

பாட்டுவைப் பற்றிச் சொன்னேன்.

"அவனுக்கு ஒண்ணும் ஆகாதுலே. அவன் தொண்டை இரும்பு. கொடைக்கு நான் வேணும்னா வாறேன். நாலு பேரு பாப்பான், கூட்டம் கூடும்."

"நீ வாண்டாம். ஒன் படம் ஒண்ணு அனுப்பு. நல்ல தெளிவாட்டு. சிரிச்ச மொகம்."

"என்னத்துக்கு?"

"சும்மாதான். பாத்து நாளாச்சுல்லா."

"மாலை போட்டதா, போடாததா?"

"போடாதது."

பிப்ரவரி 15, வியாழன்

மட்டிப்பழம் வாங்க வடசேரிக்குப் போனேன். நல்ல மழை. ஒதுங்குவதற்காக ஜெபராஜின் பிளக்ஸ் கடைக்குள் போக வேண்டியதாயிற்று. வெளியே தெரு காய்ந்துதான் கிடந்தது. வெயிலும் பிரமாதமாக அடித்தது. ஆனால் சில மழைகள் ஒரு ஆளுக்கு மட்டும் பெய்யும், அதை வானிலைக்காரர்கள் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. மழை விடுவதற்கு மத்தியானம் ஆகிவிட்டது. ஜெபராஜ் இரண்டு தடவை டீ வாங்கித் தந்தார்.

பழம் வாங்க மறந்துவிட்டேன்.

பிப்ரவரி 17, சனி

நடிகனின் படம் எத்தனை பெரிதாக்கினாலும் கெடவில்லை. இந்தக் காலத்துக் கேமராக்களே கேமராக்கள். எதற்காகச் சொல்கிறேன் என்றால், ஒன்றுமில்லை.

பிப்ரவரி 20, செவ்வாய்

நிதானமாக எழுத வேண்டும். தேதியையே இரண்டு தடவை தப்பாக எழுதிவிட்டேன். வயது காரணம்.

காலையில் பாட்டு பால் வாங்கத் தெருமுனைக்குப் போனான். வெறும் தூக்குவாளியோடு திரும்பி வந்து, என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். மஞ்சரியும் பின்னால் ஓடிவந்தாள்.

தெருமுனை மின்கம்பத்தின் பக்கத்தில் ஒரு பேனர். தோப்படிவிளை இங்கிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம். அந்த ஊர்க் கொடையின் பேனர் எங்கள் தெருமுனைக்கு, அதுவும் அவன் பால் வாங்கும் கடைக்கு நேரெதிரே எப்படி வந்தது என்பதை என்னால் விளக்க முடியவில்லை. காற்றாக இருக்கலாம்.

பேனரில் ஆளுயரத்துக்கு நடிகன் நிற்கிறான். கையில் மைக். சிரித்த முகம், கன்னங்கரிய மீசை. மேலே வளைவாக: 'ஆயிரம் மேடை கண்ட இன்னிசைத் திலகம் பூதலிங்கம்'. அவன் காலடியில் பாட்டு பாடிய பாடல்கள் அத்தனையும் வரிசையாக, 'வேப்பந்தளிரே தாயே' சிவப்பில். கீழே தொடர்புக்கு என்று என் வீட்டு நம்பர். மூன்று பேரை உருக்கி ஒரே ஆளாக வார்த்திருந்தார்கள்.

பால்கடைக்காரர் வெளியே வந்து பார்த்தார். "இவரு டிவில வாறவருல்லா? செத்துப்போவாரே. இவராக்கும் அந்தப் பாட்டெல்லாம் பாடினது? நம்ம பாட்டு அண்ணாச்சியாக்கும்ணுல்லா இவ்வளவு நாளும் நெனச்சேன்."

பாட்டு அவரைப் பார்த்தான். பேனரைப் பார்த்தான். காது சிவந்துவிட்டது. அந்தப் பாட்டுக்கு மெட்டுக் கிடைக்காமல் அவன் ஒரு மழைக்காலம் முழுக்கத் தூங்காமல் அலைந்தது எனக்குத் தெரியும். கேசட் அட்டைக்கு அம்மனை வரைய நான் அலைந்ததும் அவனுக்குத் தெரியும். நடிகன் அப்போது சென்னையில் ஏதோ ஒரு நாடகத்தில் மரமாக நின்றுகொண்டிருந்தான்.

விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்தான். கூடத்தில் வைத்து என் சட்டைப்பையில் கையைவிட்டுப் போனைப் பிடுங்கினான். பேனர் மூலையில் கடை நம்பர் பொடி எழுத்தில் இருந்ததை எப்போது மனப்பாடம் செய்தானோ, அழுத்திவிட்டான். மஞ்சரி ஸ்பீக்கரைத் தட்டிவிட்டாள்.

"அலோ," என்றார் ஜெபராஜ். "அலோ, யாரு?"

பாட்டு வாயைத் திறந்தான். மதினி அடுப்படி வாசலில் கரண்டியோடு வந்து நின்றாள். தொண்டையில் ஏதோ உரசியது. காற்று வந்தது. மறுபடியும் காற்று.

"அலோ, வைக்கட்டா?"

"அந்த பேனர்ல நிக்கவன் நான் இல்ல."

இந்த இடத்தில் நான் இடி என்றும் மின்னல் என்றும் எழுதியிருக்க வேண்டும். தோன்றவில்லை. மெல்லிய குரல், கரகரப்பு, நடுவில் ஒரு கீறல். அவ்வளவுதான். குரல்.

"யாரு பேசுகது?"

"பூதலிங்கம்."

"எந்த பூதலிங்கம்? பூதலிங்கம் அண்ணாச்சிதானே வந்து மேட்டரு குடுத்தது? பக்கத்துல இருந்து புரூப் பாத்து, மீசைய இன்னும் கொஞ்சம் கறுப்பாக்குண்ணு சொல்லி, ஒங்க தெருவுல ஒண்ணு கெட்டணும்னும் சொல்லிட்டுல்லா போனாரு?"

நான் அப்போது சுவரில் ஒரு சிலந்தியை ஆராய்ந்துகொண்டிருந்தேன். எட்டுக் கால்களும் சரியாக இருந்தன.

பாட்டு என்னைப் பார்த்தபடியே போனில் சொன்னான். "அவன் படம் போடுகவன். பேனர்ல நிக்கவன் நடிக்கவன். நான் பாடுகவன்."

போனை வைத்தான். சொன்ன வார்த்தை அவனுக்கே அப்போதுதான் காதில் விழுந்ததுபோல நின்றான். அடுப்பில் ஏதோ கருகியது. யாரும் போகவில்லை. மதினி கரண்டியை ஜன்னலில் வைத்துவிட்டு, மெதுவாக, அவன் முதுகில் ஒரு கை வைத்தாள்.

"ஒனக்கு வேற சோலி இல்லியாடே?" என்றான் என்னிடம்.

"இல்ல," என்றேன்.

பிப்ரவரி 21, புதன்

பேனரை இறக்கியாயிற்று. புதிதாக ஒன்று அடிக்க வேண்டும். போட்டோ வேண்டாமாம். "என் மொகத்த நீயே வரை," என்றான் பாட்டு. பேச்சு மெல்லத்தான், நாலு வார்த்தைக்கு ஒரு மடக்குத் தண்ணீர்.

மாலைவரை வரைந்தேன். எடுத்துக் கொண்டுபோய்க் காட்டினேன். தூரத்தில் வைத்துப் பார்த்தான், பக்கத்தில் வைத்துப் பார்த்தான்.

"எனக்கு இவ்வளவு கழுத்துச் சுருக்கம் உண்டா?"

"இதவிட உண்டு. சொந்தக்காரன்னு கொறச்சிருக்கேன்."

"சரி, இருக்கட்டு. கீழ ஒன் பேரு எங்க?"

நான் வழக்கமாக ஓரத்தில் எறும்பு அளவுக்குப் போடுவேன், அதைக் காட்டினேன். மஞ்சரியைக் கூப்பிட்டு அதைப் பெரிதாக்கச் சொன்னான். இப்போது பேனரில் 'பாடுபவர்: பூதலிங்கம்' என்றும் 'படம்: பூதலிங்கம்' என்றும் ஒரே அளவு எழுத்தில் இருக்கிறது. ஜெபராஜ் இது அச்சுப்பிழை என்று போன் செய்தார்.

பிப்ரவரி 25, ஞாயிறு

நான் நினைத்ததுபோல எல்லாம் மளமளவென்று நடந்துவிடவில்லை.

இன்றுதான் முதல் தடவையாகச் சுருதிப்பெட்டியோடு பாடினான். பழைய நாலு கட்டைச் சுருதியில் ஆரம்பித்தான். பாட்டில் 'தாயே' என்று மேலே போகும் இடம் ஒன்று உண்டு. அதற்காகவே கூட்டம் காத்திருக்கும். அங்கே போனதும் குரல் அறுந்தது. மறுபடி போனான். மறுபடி அறுந்தது. மூன்றாவது தடவை போகவே இல்லை. தரையில் உட்கார்ந்துவிட்டான்.

மஞ்சரி கீபோர்டில் ஒரு பொத்தானை அமுக்கி அமுக்கிச் சுருதியை இறக்கினாள். "இப்பம் பாடுங்கப்பா."

பாடினான். கீழே, அடி வயிற்றிலிருந்து வந்தது. கனமாக, கொஞ்சம் மணல் கலந்து. நான் அறுபது வருஷமாகக் கேட்டிராத குரல். ஒரு சரணம் பாடிவிட்டு நிறுத்தினான்.

"இது நான் இல்லயே மக்ளே. வேற எவனோ பாடுகான்."

"அவன் பேரும் பூதலிங்கமாட்டுத்தான் இருக்கும்," என்றேன். "நம்ம வீட்டுல வேற பேரே கெடயாது. மூணு பேருக்கு எடம் இருந்த வீட்டுல நாலாவது ஒருத்தன் இருந்தா கொறஞ்சா போகும்?"

அவன் என்னைத் திட்டுவான் என்று பார்த்தேன். இப்போதுதான் திட்டுகிற வசதி வந்துவிட்டதே. திட்டவில்லை. சுருதிப்பெட்டியைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டான்.

"அவனுக்கு என்ன சுருதி?" என்று மகளிடம் கேட்டான்.

"ரெண்டரைக் கட்டை."

"இன்னொருக்க வச்சுப் பாப்போம்."

பிப்ரவரி 29, வியாழன்

நாலு வருஷத்துக்கு ஒருமுறை வரும் தேதி. மதினி பட்டுச்சேலை எடுத்தாள். அம்மனுக்கு ஒன்று, தனக்கு ஒன்று. கணக்கு சமம்.

மார்ச் 3, ஞாயிறு

நேற்று தோப்படிவிளையில் உலகமே கூடியிருந்தது. இருநூறு பேர் என்று மஞ்சரி சொல்கிறாள். அவளுக்கு எண்ணத் தெரியாது.

ஏழு மணிக்கு ஆரம்பம். முதல் பாட்டுகளை மஞ்சரியும் குழுவில் மற்றவர்களும் பாடினார்கள். பாட்டு மேடையின் ஓரத்தில் வெள்ளை வேட்டியில் உட்கார்ந்து, வாளிவாளியாக வெந்நீர் குடித்தான். செயலாளர் தங்கராசன் என் பக்கத்து நாற்காலி. "அண்ணாச்சி எப்பம் பாடுவாரு?" என்று என்னிடம் கேட்டார். "இப்பம் பாடுவான்," என்றேன். என் குரலைக் கேட்டுவிட்டு என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "பனியா?" என்றார். நான் மேடையைக் கவனிப்பதாக இருந்துவிட்டேன்.

பாட்டு எழுந்து மைக்கிடம் வந்தான். 'வேப்பந்தளிரே' ஆரம்பித்தான், புதுச் சுருதியில். முதல் வரி முடிவதற்குள் குரல் பிசிறியது. முன்வரிசையில் ஒரு பெரியவர் சத்தமாகவே சொன்னார். "தொண்ட போயிட்டு கேட்டியளா. பாவம்."

மைக்கில் அது விழுந்திருக்கும். மஞ்சரி கை கீபோர்டில் அப்படியே நின்றது. மதினி புதுச்சேலை முந்தானையைக் கசக்கிப் பிடித்தாள். நான் எழுந்துபோய் அந்தப் பெரியவரைத் தூக்கிக் குமரிக்கடலில் எறிந்திருப்பேன், நாற்காலி இறுக்கமாக இருந்தது.

பாட்டு தண்ணீர் குடித்தான். குனிந்து பெரியவரைப் பார்த்தான்.

"போகல்ல பெரியவரே, எறங்கியிருக்கு. கொஞ்சம் கிட்ட வந்து கேளுங்க."

சொன்னால் நம்பமாட்டார்கள். நான் சொல்வதை வழக்கமாகவே யாரும் நம்புவதில்லை. பின்வரிசையில் நின்றவர்கள் உண்மையிலேயே நாற்காலியை இழுத்துக்கொண்டு முன்னால் வந்தார்கள். பலூன்காரன்கூட வந்தான்.

அவன் மறுபடி ஆரம்பித்தான். பிசிறு இருந்தது. பிசிறையும் கூட்டிக்கொண்டு பாடினான். அந்த மேலே போகும் இடம் வந்தது. கூட்டத்துக்குப் பழக்கம், எல்லாரும் முகத்தைத் தூக்கிவிட்டார்கள். அவன் மேலே போகவில்லை. 'தாயே' என்பதைப் பாதியில் பிடித்துக் கீழே இறக்கினான். பிள்ளையைத் தூளியில் கிடத்துகிறவர்கள் கையை உருவிக்கொள்வார்களே, அப்படி. தூக்கிய முகங்கள் ஒவ்வொன்றாகத் தணிந்தன. முன்வரிசைப் பெரியவர் வாயைத் திறந்து வைத்திருந்தார், மூட மறந்துவிட்டார்.

மொத்தம் இரண்டு பாட்டுதான் பாடினான். டாக்டர் அவ்வளவுக்குத்தான் விட்டிருந்தார். என் கண்ணில் டியூப்லைட் பூச்சிகள் ஏராளமாக விழுந்தன. தோப்படிவிளையில் பூச்சி அதிகம்.

மார்ச் 4, திங்கள்

இன்று விடியற்காலையில் பக்கத்து வீட்டிலிருந்து ஒரே இரைச்சல். சுருதிப்பெட்டி, அதற்குமேல் அவன். ஒரே வரியைத் திருப்பித் திருப்பி, புதுப்புது வழியாக இறக்கிப் பார்க்கிறான். ஆறரைக்கு மதினி கத்துவது கேட்டது. "எப்பா, ஒரு மடக்கு காப்பி குடிச்சிட்டுப் பாடப்பிடாதா?" அவன் அதற்கும் பாட்டிலேயே பதில் சொன்னான்.

இந்தத் தெருவில் இனி மனிதன் தூங்க வழியில்லை.